தொழுமிடத்து விருந்தினர்

‘விருந்து’ என்னும் சொல்லுக்கு இன்று நாம் முதலில் கொள்ளும் பொருள் உணவு. பழந்தமிழில் அதன் பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்துப் புதியதாய்ப் புனையப்படும் நூலுக்கு விருந்து என்றே பெயரிட்டார். பண்பைக் குறித்த அச்சொல்லே புதியராய் வந்தாரையும் குறித்தது. அவர்க்கு இடும் உணவைக் குறித்தது அதற்கும் பின்னரே. உறவினரைத் தழுவிக்கொள்ளுதல் சுற்றந்தழால். முன்பின் அறியாதாரைப் பேணுதல் விருந்தோம்பல். வள்ளுவர் இவ்விரண்டனையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்திருப்பதை நம் மாணவர்கள் நன்கறிவர்.

இச்சொற்பொருளை உளங்கொண்டு நோக்கின், விருந்தினருள்ளும் விருந்தினர் எனத் தக்கவர் வேற்றுச் சமயத்தாரின் வழிபாட்டிற்கு வந்து அமர்ந்திருப்பவரே ஆவர். வீட்டிற்கு வரும் விருந்தினர்க்கு உண்ணத் தெரியும், அமரத் தெரியும், விடைபெறவும் தெரியும். தொழுமிடத்திற்கு வந்தவர்க்கோ எப்பொழுது எழுவது, எப்பொழுது அமர்வது, கையை எங்கே வைப்பது என்பதெல்லாம் புதிது. தாம் செய்வது பிறர்க்கு இழுக்காகுமோ என்ற அச்சம் ஒருபுறம்; தம் சமயத்திற்கு இழுக்காகுமோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டு அச்சங்களையும் நீக்கி அவரை அமரச் செய்வது எவ்வாறு? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. அதை முதலிற் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரமளான் மாதத்தில், ஓர் ஊரில் நடைபெற்ற நோன்பு திறக்கும் நிகழ்ச்சிக்கு நண்பர் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் தமிழாசிரியர், சைவ மரபினர், திருமுறைகளில் தோய்ந்தவர். விழாவினர் அவரை வாயிலிலேயே எதிர்கொண்டு அழைத்தனர். நோன்புக் கஞ்சியில் இறைச்சி சேர்ப்பது அவ்வூர் வழக்கம். அவர்க்கென இறைச்சி சேராத கஞ்சியைத் தனிச்சட்டியில் காய்ச்சி வைத்திருந்தனர். பேரீச்சம்பழமும் வடையும் கஞ்சியும் அவர்முன் வைக்கப்பட்டன. பாங்கு ஒலித்தது, நோன்பு திறந்தோம். சற்று நேரத்தில் மஃரிபுத் தொழுகைக்காக அனைவரும் எழுந்தோம். நானும் எழுந்தேன். தொழுது திரும்பியபொழுது, நூறு பேர் இருந்த பந்தலில் காலிக் கோப்பைகளின் வரிசை நடுவே அவர் ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தார். கஞ்சி பாதி அப்படியே இருந்தது. “எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியவில்லை, அதனால் இருந்துவிட்டேன்” என்று சிரித்தார். அன்று அவரும் நண்பகல் உணவு கொள்ளாமலே வந்திருந்தார் என்பதைப் பல நாட்களுக்குப் பின்னரே அறிந்தேன்.

எவரும் அவரை இழிவுபடுத்தவில்லை. கஞ்சியின் பக்குவம்வரை எண்ணிப் பார்த்த நாங்கள், தொழுகைக்குரிய அந்தப் பத்து மணித்துளிகளை எண்ணிப் பார்க்க மறந்துவிட்டோம். அவ்வளவே. ஆயினும் அக்காட்சி என்னை விடவில்லை.

இக்குறைக்கு மருந்து தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றிலேயே அது கிடைக்கிறது.

அரபு நாட்டின் தென்மேற்கே, யமன் எல்லையை ஒட்டிய நஜ்ரான் என்னும் வளமிக்க பகுதி இன்று சவூதி அரேபியாவுள் அடங்கியுள்ளது. இசுலாத்திற்கு முன்னரே அங்குக் கிறித்தவம் வேரூன்றியிருந்தது. கி.பி. 523 அளவில் யமனை ஆண்ட தூநுவாஸ் என்னும் மன்னன் அவ்வூர்க் கிறித்தவர்களைக் கொடுமைக்கு உள்ளாக்கினான், பலர் உயிரிழந்தனர். திருக்குர்ஆன் ‘புரூஜ்’ அத்தியாயத்தில் கூறப்படும் நெருப்புக் குண்டத்தாரின் செய்தியை இந்நிகழ்ச்சியோடு இணைத்துக் காணும் விரிவுரையாளர் பலர். ஆகவே நஜ்ரான் மக்கள் சமயத்திற்காகத் துன்புற்றோரின் வழித்தோன்றல்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அம்மக்களின் தூதுக்குழு ஒன்று ஹிஜ்ரி 9ஆம் ஆண்டை ஒட்டி, அதாவது கி.பி. 631 அளவில், மதீனாவிற்கு வந்தது. வந்தவர் 60 பேர். அவர்களுக்குத் தலைவராய் அமைந்தவர் மூவர். அம்மூவருள் ஒருவர் அபூ ஹாரிஸா என்னும் ஆயர். உரோமப் பேரரசரால் பெரிதும் மதிக்கப்பெற்றவர் அவர். நபி வரலாற்றை முதன்முதலில் விரிவாகத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் இச்செய்திகளைத் தருகிறார்.

அவர்கள் பள்ளிவாசலுள் நுழைந்த நேரம், நபிகளார் (ஸல்) அஸர் தொழுகையை முடித்திருந்த நேரம். பள்ளிவாசல் என்றவுடன் இன்றைய பளிங்குத் தூண்களையும் விளக்குகளையும் எண்ணிவிடலாகாது. பேரீச்ச மரத்தண்டுகளே அதன் தூண்கள். மட்டையும் ஓலையுமே அதன் கூரை. தரை வெறும் மண். அவ்வெளிய இடத்தில், யமன் நாட்டு உயரிய மேலாடைகளை அணிந்த கூட்டத்தினர் வந்து நின்றனர். அப்பொழுது அவர்களுக்குரிய வழிபாட்டு வேளையும் வந்தது. அவர்கள் எழுந்து தம் முறைப்படி வழிபடத் தொடங்கினர். அங்கிருந்தோர் தடுக்க முனைந்தனர். தடுக்க வேண்டா, விட்டுவிடுக எனப் பெருமானார் பணித்தார்கள். வந்தவர்கள் கிழக்கு நோக்கி வழிபட்டு முடித்தனர்.

கிழக்கு என்னும் இவ்வொரு சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மதீனாவிலிருந்து கஅபா இருக்கும் திசை தெற்கு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு முதல் அத்திசையே அப்பள்ளியின் கிப்லா. வரிசை வரிசையாகத் தெற்கு நோக்கித் தொழுத அதே மண்ணில், சிறிது நேரங்கழித்து வேறொரு கூட்டம் கிழக்கு நோக்கி நின்றது. எங்கள் பள்ளியில் நின்றால் எங்கள் திசையில் நில்லுங்கள் என்று எவரும் கூறவில்லை. வந்தவர்களும் விருந்தளிப்போரின் மனங்குளிர வேண்டுமெனத் தெற்கே திரும்பவில்லை. இருதரப்பாரும் தத்தம் திசையில் நேராக நின்றனர்.

இதனை நட்புக்காகக் கொள்கையைத் தளர்த்திய செயலென்று கருதுதல் தவறு. வழிபாட்டிற்குப் பின்னர் நிகழ்ந்த உரையாடல் கடுமையானது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கருத்தில் இருவர்க்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ‘ஆல இம்ரான்’ அத்தியாயத்தின் முற்பகுதி வசனங்கள் இவ்வுரையாடலை ஒட்டி அருளப்பட்டவை என்பர். பொய்யர்மீது இறைவனின் சாபம் உண்டாகுக என இருதரப்பாரும் வேண்டிக்கொள்ளும் ‘முபாஹலா’வரை பேச்சுச் சென்றது, அதற்கு வந்தவர்கள் இசையவில்லை. முடிவில் உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. ஆண்டுதோறும் 2000 ஆடைகள் அவர்கள் தர வேண்டும். அவர்களுடைய உயிர்க்கும் உடைமைக்கும் கோயிலுக்கும் குருமார்க்கும் பாதுகாப்பு உண்டு. தங்களிடையே எழும் வழக்குகளைத் தீர்க்க நம்பகமான ஒருவரை அனுப்புக என அவர்கள் வேண்ட, அபூ உபைதா (ரலி) அவர்களை நாயகம் அனுப்பிவைத்தார்கள். உடன்பாடு உண்டான பின்னர் இடந்தரவில்லை. இடந்தந்த பின்னரே உரையாடல் தொடங்கியது என்னும் இவ்வரிசை முறை கருதற்பாலது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். நஜ்ரான் மக்கள் வேதமுடையோர். ஆகவே அவர்க்கு இடந்தரப்பட்டது. பிறர்க்கும் அது பொருந்துமோ என்று பெரியோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவர்கள் தாயிபு நகரத்து ஸகீஃப் குலத்தாரின் வருகையை எண்ணிப் பார்க்க வேண்டும். தாயிபு மக்கள், ஹிஜ்ரத்துக்கு முன்னர் அடைக்கலம் நாடிச் சென்ற பெருமானாரைக் கல்லெறிந்து துரத்தியவர்கள். ஹிஜ்ரி 9இல் அவர்களுடைய தூதர்கள் மதீனா வந்தபொழுது, சிலை வணக்கத்தை அவர்கள் இன்னும் விட்டிருக்கவில்லை. அவர்களைப் பள்ளிவாசலின் ஒரு புறத்திலேயே கூடாரம் அடித்துத் தங்க வைத்தார்கள் நபிகளார். ஓதுவது அவர்கள் காதில் விழ வேண்டும். தொழுவது அவர்கள் கண்ணிற்பட வேண்டும் என்பதே நோக்கம். தொழச் சொல்லித் தொடக்கத்திலேயே வற்புறுத்தவில்லை, காண விட்டார்கள்.

அவ்வரலாற்றில் என் உள்ளத்தைத் தொட்டது ஒரு சிறு செய்தி. வந்தவர்க்கு அச்சம் தீரவில்லை. பெருமானாரிடமிருந்து வரும் உணவைக்கூட, காலித் இப்னு ஸயீத் (ரலி) என்னும் தோழர் முதலில் ஒரு பிடி உண்ட பின்னரே அவர்கள் உண்டனராம். அவர் அதனை இழிவாகக் கருதவில்லை. பேச்சு முடியும்வரை அவர்களுக்கும் நபிகளாருக்கும் இடையே நடந்தவரும் அவரே. இதனைப் படித்தபொழுதுதான் எங்கள் பந்தலில் இல்லாதது எது என்பது எனக்கு விளங்கிற்று. கஞ்சி இருந்தது, காலித் இல்லை.

அடுத்த ஆண்டு அந்நண்பரை மீண்டும் அழைத்தேன். தயங்காமல் வந்தார். அம்முறை பள்ளிவாசலின் முன்தாழ்வாரத்தில் அவர்க்கு நாற்காலி இட்டோம். ஓர் இளைஞர் அவர் அருகிலேயே இருந்து, தொழுகையின் நிலைகளை மெல்லிய குரலில் விளக்கினார். நண்பரை அனுப்பிவைத்த பின்னர்த் தாம் தனியே தொழுதுகொண்டார். மஃரிபின் நேரம் குறுகியதே எனினும் அவ்வளவு பிந்துதற்கு இடமுண்டு.

முஸ்லிமல்லாதார் பள்ளிவாசலுள் வருவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதையும் கூறிவிட வேண்டும். இமாம் மாலிக் அதனைப் பெரிதும் விலக்கினார். இமாம் அபூ ஹனீஃபா இசைவளித்தார். இமாம் ஷாஃபிஈ மக்காவின் புனித எல்லை நீங்கலாக ஏனைய பள்ளிகளில் முஸ்லிம்களின் அனுமதியுடன் வரலாம் என்றார். நஜ்ரான் நிகழ்ச்சியை ஆராய்ந்த இப்னுல் கையிம், அத்தகைய வழிபாடு நேர்ந்துவிடும்பொழுது இடந்தரலாம். அதனை நிலையான வழக்கமாக்குதல் கூடாது என்று வரையறுத்தார். நம் நாட்டில் ஷாஃபிஈ, ஹனஃபி வழியினரே மிகுதி. ஆகவே நம் பள்ளிகளில் பிறர் வந்து அமர்தற்குத் தடை சட்டத்தில் இல்லை; நம் கூச்சத்தில்தான் இருக்கிறது.

தமிழ் மாணவர்க்கு ஒரு குறிப்பு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நஜ்ரான் நிகழ்ச்சியைத் தேடினால் கிடைக்காது. அப்பெருங்காப்பியம் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது; அஃது ஹிஜ்ரி 6ஆம் ஆண்டை ஒட்டிய செய்தி. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவில் தொடர்ந்து பாடினார். உமறுப்புலவர் மட்டும் இதுவரை வந்திருந்தால், தெற்கும் கிழக்குமாய் நின்ற அவ்விரு கூட்டங்களை எவ்வாறு பாடியிருப்பார் என எண்ணி நான் ஏங்குவதுண்டு.

இதுகாறும் இடந்தருவோரைப் பற்றிப் பேசினோம். இடம்பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. அதனைக் காட்டுவது எருசலேமில் ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் நடந்துகொண்ட முறை.

கி.பி. 638 அளவில் அந்நகரம் முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பொழுது அங்குக் கிறித்தவர்களின் தலைமைக் குருவாய் இருந்தவர் சொப்ரோனியுசு. ஈசாநபியின் கல்லறை அமைந்த இடமெனக் கிறித்தவர் போற்றும் பெருங்கோயிலில் கலீஃபா இருந்தபொழுது தொழுகை நேரம் வந்தது. இங்கேயே தொழுக என்றார் தலைமைக் குரு. உமர் இசையவில்லை. கோயிலின் மற்றொரு பகுதிக்கு அழைத்துச் சென்று பாயும் விரித்துத் தந்தார் குரு. அங்கும் இசையவில்லை. வெளியே வந்து, கிழக்கு வாயிற் படிகளில் தனியராய்த் தொழுதார்கள். நான் உள்ளே தொழுதிருப்பின், உமர் தொழுத இடமென்று கூறி முஸ்லிம்கள் பின்னாளில் இக்கோயிலை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வர் என்பது அவர்கள் கூறிய காரணம். அப்படிகளிலும் முஸ்லிம்கள் கூட்டமாகத் தொழுதலோ பாங்கு சொல்லுதலோ கூடாதென எழுதியும் கொடுத்தார்கள்.

வரவேற்பு மெய்யானது, பாய் விரித்ததும் அன்பினாலேயே. ஆனால் அன்பினால் விரித்த பாய் நாளை உரிமைப் பத்திரமாகிவிடும் என்பதை விருந்தினர் எண்ணினார். வென்றவர், தோற்றவரின் வருங்காலத்திற்காக அஞ்சினார்.

இவ்வரலாற்றை மேடைகளில் பெருமையுடன் கூறுகிறோம், கூறலாம். ஆயினும் இதனை எழுதிவைத்தவர் யார் என்பதை நாம் கூறுவதில்லை. எழுதியவர் கி.பி. 940இல் மறைந்த அலெக்சாந்திரியத் தலைமைக் குரு யூதிக்கியுசு. அரபியில் ஸயீத் இப்னு பித்ரீக் என்பது அவர் பெயர். ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டமையின் இதன் ஒவ்வொரு கூறும் நிகழ்ந்தவாறே உள்ளதெனக் கொள்ள வரலாற்றாசிரியர் தயங்குவர். அஃது ஒருபுறமிருக்க, அவர் இதனை எழுதிய காரணம் வேறு. தம் காலத்தில் முஸ்லிம்கள் அவ்வெழுத்தை மீறி, அப்படிப் பகுதியில் இடங்கொண்டு பள்ளி கட்டிவிட்டனர் என்பதே அவர் முறையீடு. புகழுரையாக நாம் எடுத்தாளும் கதை, குறைகூறும் விண்ணப்பமாக எழுதப்பட்டது! உமர் அஞ்சியது நடந்தே விட்டது. அவர்களின் ஆட்சிக் காலத்திலேயே நஜ்ரான் கிறித்தவர்களும் தம் ஊர்விட்டு இராக்கிற்குப் பெயர்க்கப்பட்டனர். அதற்குக் காரணம் பலவாறு கூறப்படுகிறது. பெருமைக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை மறைப்பது ஆய்வாளர்க்கு அழகன்று.

இன்று அக்கோயிலின் தென்புறத்தே உள்ள உமர் பள்ளிவாசல், சலாகுத்தீனின் மைந்தர் அல்அஃப்ளல் கி.பி. 1193இல் எழுப்பியது. கோயிலுக்குள்ளே உரிமை கொண்டாடும் கிறித்தவப் பிரிவுகள் ஆறு. அக்கோயிலின் வாயில் திறவுகோலைப் பல நூற்றாண்டுகளாக வைத்திருப்போர் முஸ்லிம் குடும்பத்தார். விடியலில் கதவு திறக்கப்படுவது அவர்கள் வழியாகவே. திறந்தபின் உள்ளே நிகழும் வழிபாட்டில் அவர்களுக்குப் பங்கில்லை.

நம் நாட்டிற்கு வருவோம். நாகூரில் உள்ள மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங். தர்காக்களில் நடைபெறும் சில வழக்கங்களைப் பற்றி நம்முள் கருத்து வேறுபாடு உண்டு. அஃது இக்கட்டுரையின் பொருளன்று. இந்துப் பெருமக்கள் அங்குத் தலைமுடி இறக்கி, நேர்ந்துகொண்ட தகட்டு உருவங்களைச் செலுத்தித் தம் வீட்டில் நடப்பதுபோல் நடக்கின்றனர் என்பதே நான் சுட்ட விரும்புவது. அதனினும் எளிய காட்சி ஒன்று உண்டு. மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் படியருகே, கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய்மாரைக் காணலாம். வெளியே வரும் ஒவ்வொருவரும் ஓதிக் குழந்தையின்மேல் ஊதிச் செல்வர். அத்தாயின் நெற்றியில் குங்குமம் இருக்கும். அவள் பள்ளியுள் வரவில்லை. நீ யார் என்று எவரும் கேட்பதுமில்லை. மதீனாப் பள்ளியின் மண் தரைக்கும் இப்படிகட்கும் இடையே தொலைவு அதிகமில்லை. இக்காட்சி முன்போல் எல்லா ஊர்களிலும் தென்படவில்லை என்பது என் வருத்தம்.

இறுதியாக, நானே விருந்தினனாய் இருந்த ஒரு நாளைக் கூறுகிறேன். எனக்கு இளமையில் யாப்பிலக்கணம் கற்பித்த ஆசிரியர் கத்தோலிக்கர். அவர் மறைந்தபொழுது அவருடைய சிற்றூர்க் கோயிலில் அடக்கத் திருப்பலி நடைபெற்றது. தொப்பி அணிந்திருந்த நான் கடைசி வரிசைக்கும் பின்னே, தூணருகில் நின்றேன். முதிய அம்மையார் ஒருவர் என்னைக் கண்டு, கையால் இருக்கையைத் தட்டித் தம் பக்கத்தில் அமரச் செய்தார். எல்லாரும் முழந்தாளிட்டபொழுது நான் மட்டும் அமர்ந்திருக்க நேருமே எனக் குறுகினேன். “எனக்கு முட்டி வலி, தம்பி, நானும் உட்கார்ந்தே இருக்கிறேன்” என்றார் அவர். பிறகு ஒருவர்க்கொருவர் சமாதானம் கூறும் கட்டம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பிக் கைகுவித்துச் “சமாதானம்” என்றார். நாள்தோறும் ஸலாம் என்று நான் பலமுறை சொல்லும் சொல்லின் பொருளும் அதுவே அன்றோ! நானும் அச்சொல்லையே திருப்பிக் கூறினேன். நற்கருணை வாங்க வரிசை எழுந்தது. என்ன செய்வதென்று நான் கேட்குமுன் அவரே, “நீங்கள் இருங்கள், தம்பி, நான் போய் வந்துவிடுகிறேன்” என்றார். பீடத்தை நோக்கி அவர் சென்ற நடையில் முட்டி வலி ஏதும் தெரியவில்லை.

கல்லறையில் பெட்டி இறக்கப்பட்டது. ஒவ்வொருவராய்க் குனிந்து மண் இட்டனர். என் முறை வந்ததா, இல்லையா என்று அறியாமல் நின்றேன். “உங்களிலும் மண் இடுவார்களா?” என்று அவ்வம்மையார் கேட்டார். “இடுவோம், அம்மா, மூன்று பிடி” என்றேன். அவர் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டார்.